ஒரு சாண் குடல்

‘எண்சாண் உடம்பு’ என்பதும் ‘ஒரு சாண் வயிறு’ என்பதும் நம் நாட்டார் நாவில் நாடோறும் வழங்கும் தொடர்களாம். அவரவர் கையால் அளந்தால் அவரவர் உடம்பு ஏறக்குறைய எட்டுச் சாண் இருக்கும் என்பது முன்னது. அவ்வுடம்பு படும் பாடெல்லாம் அதனுள் அடங்கிய சிறு வயிற்றின் பொருட்டே என்பது பின்னது. ஆயின், அவ்வயிற்றினுள்ளே உண்மையாகவே ஒரு சாண் நீளமுள்ள உறுப்பொன்று உண்டென்பதையும், அந்நீளமே உலகத்துப் பல மொழிகளில் அதற்குப் பெயராய் அமைந்ததென்பதையும் நம்மிற் பலர் அறிந்திலர். சிறுகுடலின் முதற்பகுதியே அவ்வுறுப்பு. ஆங்கில முறை மருத்துவர் அதனை டியோடினம் என்பர். நம் பள்ளிப் பாடநூல்கள் முன்சிறுகுடல் என்று கூறும். அதன் இருப்பு, தொழில், நோய் ஆகிய மூன்றனையும், அவற்றைக் குறிக்க வழங்கும் சொற்களின் பொருளையும் சுருங்க ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உறுப்பை அறிந்தாற் போதாதோ, சொல்லாராய்ச்சி எற்றுக்கு என்று வினவுவார்க்கு என் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவேன். என் சிற்றப்பாவுக்குச் சில மாதங்களாக நள்ளிரவில் நெஞ்சுக்குழிக்குக் கீழே வலி தோன்றும்; எழுந்து சிறிது கஞ்சி குடித்தால் அடங்கும். மருத்துவர் ஒருவர் குழாய்க் கருவியால் உள்ளே நோக்கி, ‘டியோடினல் அல்சர்’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தார். விளக்கம் ஒன்றும் கூறினாரில்லை; நாங்களும் கேட்டோமில்லை. வீட்டார் அச்சொற்களுள் இரண்டாவதை மட்டும் அறிவர். நேரந்தவறி உண்பதால் வருவது அல்சர் என்று தமக்குள் முடிவு செய்துகொண்டனர். முதற்சொல்லை ஒரு மருந்தின் பெயரென்று கருதி, மருந்துக்கடையிற் போய்க் கேட்டவரும் உண்டு. சிற்றப்பாவோ முழங்கால் வலிக்கென்று தாம் நெடுநாளாய் விழுங்கிவந்த மாத்திரைகளை நிறுத்தவில்லை. ஒருநாட் காலையில் மலம் தார்போற் கறுத்துக் கழிந்தது. அவரும் மயங்கி வீழ்ந்தார். நான்கு புட்டி இரத்தம் ஏற்றியபின் பிழைத்தார். தேறிய பின்னர் அவர் என்னை நோக்கி, “தம்பி, நீ படித்தவனாயிற்றே, அந்த முதற்சொல்லுக்கு என்ன பொருள்?” என்றார். “சிறுகுடலின் முதற்பகுதி” என்றேன். “அஃது எங்கே இருக்கிறது?” என்றார். என் கை என் வயிற்றின்மேல் இங்குமங்கும் அலைந்ததேயன்றி ஓரிடத்தில் நிற்கவில்லை. அன்று நான் அடைந்த நாணமே இக்கட்டுரைக்கு வித்து.

இருப்பும் வடிவும்

நாம் உண்ட உணவு இரைப்பையிற் கடையப்பட்டுக் கூழாகிறது. இரைப்பையின் கடைவாயில் தசையாலாகிய வளையமொன்று உண்டு. அதற்குப் பைலோரஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் ‘வாயிற்காவலன்’ என்பது அதன் பொருள். காவலன் சிறிது சிறிதாகத் திறந்துவிடும் கூழ் முதன்முதற் புகும் இடமே நாம் ஆராயும் குடற்பகுதி. சிறுகுடல் முழுவதும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமுடையது. அதில் இம்முதற்பகுதி சுமார் 25 சென்டிமீட்டர் மட்டுமே.

தொப்புளுக்குச் சற்று மேலே, பெரும்பாலும் வலப்புறமாக, முதுகெலும்பை ஒட்டி இது கிடக்கிறது. வடிவில் குதிரை லாடத்தை ஒக்கும். லாடத்தின் திறந்த பக்கம் நம் இடப்புறத்தை நோக்கியிருக்கும். அவ்வளைவினுள்ளே கணையத்தின் தலைப்பகுதி, உள்ளங்கையில் ஏந்திய பொருள்போல் அமைந்திருக்கும். சிறுகுடலின் ஏனைப் பகுதிகள் விசிறி போன்ற சவ்வொன்றில் தொங்கி அசைந்து திரிவன. இஃது அவ்வாறன்று, தொடக்கத்திலுள்ள சிறு துண்டொழிய, எஞ்சியதெல்லாம் வயிற்றின் பின்சுவரோடு ஒட்டி நிலைத்திருப்பது.

கற்பார்க்கு எளிதாகும்பொருட்டு இதனை நான்கு கூறாக வகுப்பர். முதற்கூறு சுமார் 5 சென்டிமீட்டர். வாயிற்காவலனிடத்தினின்று புறப்பட்டு, வலப்புறமாகவும் பின்னாகவும் ஏறிப் பித்தப்பையின் கழுத்தருகே செல்வது. இரண்டாங்கூறு சுமார் 8 சென்டிமீட்டர். முதுகெலும்பின் வலப்பக்கத்தில், வலச் சிறுநீரகத்தின் முன்னே கீழ்நோக்கி இறங்குவது. மூன்றாங்கூறு சுமார் 10 சென்டிமீட்டர். உடலின் பெருந்தமனியையும் பெருஞ்சிரையையும் குறுக்கே கடந்து இடப்புறம் செல்வது. நான்காங்கூறு 2.5 சென்டிமீட்டர் அளவே. சற்று மேலேறி, முன்னோக்கி வளைந்து, சிறுகுடலின் இரண்டாம் பகுதியோடு கூடுவது. அவ்வளைவைத் தாங்கிப் பிடிக்கும் தசைநாரை 1853 இல் விளக்கியவர் டிரைட்ஸ் என்னும் பொகீமிய நாட்டு மருத்துவர். உணவுப்பாதையில் இரத்தம் கசியுமாயின், அஃது இந்நாருக்கு மேலேயோ கீழேயோ என்று வினவியே இன்றும் மருத்துவர் தம் ஆராய்ச்சியைத் தொடங்குவர். நாட்டின் எல்லைக்கல் போன்றது அஃது எனலாம்.

பெயர் வந்த வழி

கி.மு. 300 ஆம் ஆண்டை ஒட்டி, எகிப்து நாட்டு அலெக்சாந்திரியா நகரில் ஹெரோபிலஸ் என்னும் கிரேக்க மருத்துவர் வாழ்ந்தார். மாந்தர் உடலை முறையாக அறுத்து ஆராய்ந்தவருள் முற்பட்டவர் அவர். அவர் எழுதிய நூல்கள் அழிந்தன. கேலன் முதலிய பின்னோர் எடுத்துக்கூறுவனவற்றாலேயே அவர் கருத்துகளை அறிகின்றோம். இக்குடற்பகுதியின் நீளம் பன்னிரண்டு விரல்களை அடுக்கிவைத்த அகலத்தை ஒத்திருக்கக் கண்டு, ‘பன்னிரு விரலது’ என்னும் பொருள்பட ‘தோதெகதாக்டுலோன்’ என்று அவர் பெயரிட்டார்.

கிரேக்க மருத்துவம் அரபு மொழியிற் புகுந்தபோது இப்பெயரும் உடன் சென்றது. அரபியர் ஒலியைக் கொள்ளாது பொருளைக் கொண்டனர். ‘இத்னா அஷரீ’, அதாவது ‘பன்னிரண்டுக்குரியது’, என்றனர். இபின் சீனாவின் பெருநூலாகிய கானூனை, 12 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்துத் தொலேதோ நகரில் கிரெமோனா ஊரினராகிய ஜெரார்டு இலத்தீனில் மொழிபெயர்த்தார். அவரும் பொருளையே பெயர்த்து, ‘பன்னிரண்டு பன்னிரண்டாக’ என்னும் பொருளுடைய இலத்தீன் எண்ணுச்சொல்லினின்று டியோடினம் என்பதனை ஆக்கினார். இவ்விரு பெயர்ப்புகளிலும் விரல் உதிர்ந்தது; எண் மட்டும் எஞ்சிற்று. ஆகவே, ஆங்கிலேயர் ஒருவர் இச்சொல்லைக் கூறும்போது பன்னிரண்டு என்று கூறுகிறார். எதிற் பன்னிரண்டு என்பதை அவரும் அறியார்.

விரலை இழவாத மொழிகளும் உள. ஜெர்மானியர், டச்சுக்காரர், ருஷியர் ஆகியோர் தத்தம் தாய்மொழிச் சொற்களாலேயே ‘பன்னிருவிரற் குடல்’ என்பர். ஜப்பானியர் இதனை ‘ஜூனிஷிச்சோ’ என்பர். ஜூனி என்பது பன்னிரண்டு, ஷி என்பது விரல், சோ என்பது குடல். சீனரும் அவ்வெழுத்துகளையே எழுதித் தம் ஒலியாற் படிப்பர். அலெக்சாந்திரியாவில் ஒருவர் தம் விரலால் அளந்த அளவு, இருபத்துமூன்று நூற்றாண்டு கழிந்தும், மொழிதோறும் புத்தாடை புனைந்து உலவுகின்றதைக் காண்மின்.

ஏனை இருபகுதிகளின் பெயரையும் ஒருங்கே நோக்குவோம். இரண்டாம் பகுதிக்கு ஜெஜூனம் என்று பெயர். இலத்தீனில் ‘நோன்பிருப்பது’ அல்லது ‘வெறுமையானது’ என்று பொருள்படும். இறந்தாரின் உடலை அறுத்து நோக்கிய பண்டையோர் அப்பகுதியை வெறுமையாகக் கண்டமையே காரணம். மூன்றாவது இலியம், சுருளுதல் என்னும் பொருளுடைய கிரேக்க வினையடியாகப் பிறந்தது. ஆகவே ஒன்றற்கு அளவும், ஒன்றற்கு நிலையும், ஒன்றற்கு வடிவும் பெயராயின. நம் பாடநூலாரோ முன், நடு, பின் என வரிசையையே பெயராக்கினர். இரண்டும் ஏற்புடையனவே. வரிசைப் பெயர் மறதிக்கு இடந்தராது. அளவுப் பெயர் உறுப்பையே கண்முன் நிறுத்தும்.

தொழில்

இரைப்பையினின்று வரும் கூழ் கடும்புளிப்புடையது. அப்புளிப்பைத் தாங்கவல்ல உறை இரைப்பைக்கு உண்டு. குடலுக்கு அத்துணை வலிமை இல்லை. ஆதலின், புகுந்த கூழின் புளிப்பை மாற்றுதலே இச்சாண் குடலின் முதற்கடமை. 1687 இல் சுவிட்சர்லாந்து தேசத்துப் புரூனர் விளக்கிய சுரப்பிகள் இக்குடலின் உட்சுவரில் உள்ளன. அவை காரத்தன்மையுள்ள வழுவழுப்பான நீரைச் சுரந்து சுவரைக் காப்பன.

இரண்டாங்கூற்றின் உட்புறத்தில் சிறு காம்பு போன்ற மேடொன்று உண்டு. கல்லீரலினின்றும் பித்தப்பையினின்றும் வரும் பித்தநீர்க் குழாயும், கணையநீர்க் குழாயும் பெரும்பாலாரிடத்து ஒன்றுகூடி அதன் வழியே திறக்கும். அவை கூடுமிடம் சற்றுப் பருத்திருத்தலின், ‘குடுவை’ என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லால் அதனைச் சுட்டி, 1720 இல் அதனை விளக்கிய ஜெர்மானியராகிய வாட்டரின் பெயரையும் கூட்டி, வாட்டரின் குடுவை என்பர். அவ்வாயைச் சூழ்ந்து திறக்கவும் மூடவும் செய்யும் தசைவளையத்தை 1887 இல் ஆராய்ந்து விளக்கியவர் இத்தாலிய நாட்டு ஒட்டி. அப்போது அவர் மருத்துவ மாணவரேயாவர் என்பது, மாணவராகிய நாம் கருதத்தக்கது.

நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரும், ஒரு லிட்டருக்கு மேற்பட்ட கணையநீரும் இவ்வாயில் வழியே குடலிற் பாய்கின்றன. பித்தநீர் கொழுப்பைச் சிறு சிறு துளிகளாகச் சிதைக்கும். கணையநீர் மாவையும் புரதத்தையும் கொழுப்பையும் செரிப்பிக்கும். அதிலுள்ள காரம் புளிப்பை மாற்றும். உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேரும் முதன்மையான இடமும் இக்குடற்பகுதியே.

கூழ் வந்து சேர்ந்ததைச் சற்றுத் தொலைவிலுள்ள கணையம் எங்ஙனம் அறியும்? நரம்பின் வழியாக என்றே முன்னோர் எண்ணினர். 1902 இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் இருவர் நாயொன்றின் குடற்றுண்டுக்குச் செல்லும் நரம்புகளையெல்லாம் அறுத்துவிட்டு, அத்துண்டினுள் புளிப்புநீரைச் செலுத்தினர். நரம்பு இல்லாதிருந்தும் கணையம் சுரந்தது! குடலின் உட்சவ்வைச் சுரண்டிச் சாறெடுத்து இரத்தத்திற் செலுத்தியபோதும் அது சுரந்தது. ஆகவே, செய்தியைக் கொண்டுசெல்வது இரத்தத்திற் கலந்த ஒரு பொருள் என்பது தெளிவாயிற்று. அப்பொருளுக்குச் செக்ரிட்டின், அதாவது ‘சுரப்பிப்பது’, என்று பெயரிட்டனர். இத்தகைய தூதுப்பொருள்கட்கெல்லாம் பொதுப்பெயராக, ‘தூண்டுதல்’ என்னும் கிரேக்க வினையினின்று ஹார்மோன் என்னும் சொல்லை ஸ்டார்லிங் 1905 இல் வழங்கினார். இன்று உலகெங்கும் வழங்கும் அச்சொல், நம் சாண் குடலில் நிகழ்ந்த ஆராய்ச்சியிற் பிறந்ததென்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

நோய்

இக்குடலில் உண்டாகும் புண் பெரும்பான்மையும் முதற்கூற்றிலேயே தோன்றும். வாயிற்காவலனைக் கடந்து வரும் புளிப்புக்கூழ் முதலில் மோதுமிடம் அதுவாதலின். உண்டு இரண்டு மூன்று மணி நேரங்கழித்தோ நள்ளிரவிலோ வலித்து, உணவு கொண்டால் தணிதல் இதன் வழக்கமான குறி. ஆயினும் குறியை மட்டும் கொண்டு இதனைத் துணிதல் தகாது. குழாய்க் கருவியால் நோக்கியே மருத்துவர் உறுதி செய்வர்.

புண் பின்சுவரில் ஆழுமாயின், அங்கே ஓடும் தமனியொன்றை அரித்துக் குருதிப்பெருக்கை உண்டாக்கும். குருதி குடலில் தங்கி மாறுதலின் மலம் தார்போற் கறுக்கும். மருத்துவர் இதனை மெலினா என்பர். கிரேக்கத்தில் ‘கரியது’ என்பதே பொருள். முன்சுவரில் ஆழுமாயின் குடல் துளைபட்டு, கத்தியாற் குத்தினாற்போன்ற வலி திடீரென்று தோன்றி, வயிறு பலகைபோல் இறுகும். இவ்விரண்டும் ஒரு நாழிகையும் தாழ்க்கலாகாத நிலைகள். உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் தென்னிந்தியாவில் இப்புண் மிகுந்திருந்தது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் அன்று திருவிதாங்கூர் அரசிலும் அடங்கிய நெய்யூரின் மிஷன் மருத்துவமனையில், ஹோவர்டு சாமர்வெல் என்னும் ஆங்கில அறுவை மருத்துவர் இந்நோயாளர் பலருக்குச் சிகிச்சை செய்தார். 1922, 1924 ஆம் ஆண்டுகளில் எவரெஸ்டு மலையேறச் சென்ற குழுவினருள் ஒருவர் அவர். இரைப்பையைச் சிறுகுடலின் இரண்டாம் பகுதியோடு நேரே இணைத்து, புளிப்புக்கூழ் புண்ணின்மேற் செல்லாது விலக்கும் அறுவை அக்காலத்திற் பெருவழக்கு. இரைப்பை, டியோடினம் இவற்றின் அறுவையைப் பற்றிய அவருடைய நூல் 1948 இல் வெளிவந்தது.

புண்ணுக்குக் காரணம் கவலையும் காரமுமே என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் வாரன், மார்ஷல் என்னும் இருவர் 1982 இல் இரைப்பையில் வாழும் கிருமியொன்றைக் கண்டறிந்து வளர்த்தனர். பிறர் நம்பாமை கண்டு, 1984 இல் மார்ஷல் தாமே அக்கிருமியைப் பருகி இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். இருவரும் 2005 இல் நோபெல் பரிசு பெற்றனர். அக்கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. சொற்பொருளை நோக்கின், ‘வாயிற்காவலனைச் சார்ந்த சுருட்கோல்’ என்றாகும். மற்றொரு முதன்மையான காரணம், மூட்டு முதலியவற்றின் வலிக்கென்று நெடுநாள் விழுங்கும் மாத்திரைகளிற் சில. கிருமி உண்டாயின் இரண்டு வாரத்தளவு மருந்தாலேயே அதனை ஒழிக்கலாம். மாத்திரை காரணமாயின் மருத்துவர் சொற்படி அதனை நிறுத்தலாம். முன்னாளில் கத்தியை வேண்டிய நோய் இன்று பெரும்பாலும் மருந்துக்கு அடங்குகிறது. ஆனால் நோயாளி தன் நோய் இன்னதென்று அறிந்தாலன்றோ காரணத்தை விலக்குவான்?

தமிழிற் பெயர்

மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கூற முயன்றவருள் தலைசிறந்தவர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அவர் மானிப்பாயில் இருந்து, இடையிற் சில ஆண்டு நீங்கலாக, 1873 வரை பணியாற்றினார். தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். நூல்கள் பலவற்றைத் தமிழாக்குவித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது. அங்காதிபாதம் என்னும் சொல்லை இன்று வழங்குவாரில்லை, உடற்கூற்றியல் என்கின்றோம். சொல் மாறினும் அவர் கொண்ட கருத்து மாறவில்லை. நோயாளியின் மொழியிற் கூறமுடியாத மருத்துவம் நோயாளியைச் சென்று சேராது என்பதே அக்கருத்து.

இனி நம் குடலுக்கு வருவோம். தமிழர் பழைய அளவைப்படி, பன்னிரண்டு விரற்கடை கொண்டது ஒரு சாண். இரண்டு சாண் கொண்டது ஒரு முழம். ஹெரோபிலஸ் பன்னிரு விரல் என்று நீட்டிக் கூறியதை நம் பாட்டியர் ஒரே அசையிற் கூறிவிடுவர். அரபும் இலத்தீனும் இழந்த விரல் ‘சாண்’ என்னும் சொல்லில் இழவாது நிற்கிறது. சாண்குடல் என்பதனை முன்சிறுகுடல் என்பதற்கு மாற்றாகப் பாடநூலில் ஏற்றல் வேண்டும் என்று யான் வாதிடவில்லை. வழக்கில் ஊன்றிய சொல் இருக்க அதனைப் பெயர்த்தல் வீண். யான் வேண்டுவது, நோயாளியிடம் பேசும்போது சொல்லோடு அளவையும் இடத்தையும் சேர்த்துக் கூறவேண்டும் என்பதே. நம் கல்லூரியினின்று மருத்துவம் பயிலச் செல்லும் நண்பர்கள் பலர். நாளை அவர்கள் ‘டியோடினல் அல்சர்’ என்று எழுதும்போது, “இரைப்பையை அடுத்த ஒரு சாண் குடலில் புண், இன்ன மாத்திரையை நிறுத்துக, மலம் கறுத்தால் உடனே வருக” என்று வாயாலும் கூறுவாராக. அதற்கு அரை நிமிடம் போதும்.

சென்ற விடுமுறையில் சிற்றப்பாவைக் கண்டேன். அவர் வலக்கையைப் பற்றி, தொப்புளுக்குச் சற்று மேலே வலப்புறமாக வைத்து, “இங்கேதான், சிற்றப்பா, உங்கள் கையால் ஒரு சாண் நீளம்” என்றேன். அவர் விரல்களை விரித்துக் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை நோக்கினார். “இவ்வளவுதானா! இதற்குத்தானா நான்கு புட்டி இரத்தம்?” என்றார். பின்னர், தெருவில் யாருக்கேனும் வயிற்றுவலி என்று கேள்வியுற்றால், அவரே சென்று கையை விரித்துக் காட்டி விளக்கிவருகிறார் என்று அறிகின்றேன்.